பேய் பார்க்க போடிக்குப் போகிறவர்களுக்கு

தேனிப் பக்கத்துப் போடி இல்லை. கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரம், மோனோ கவுண்டியில் இருக்கிற போடி. 1859-இல் தங்கம் கிடைத்து, 1880 வாக்கில் ஏழெட்டாயிரம் பேர் வரை குடியிருந்த சுரங்க ஊர். தங்கம் குறைந்தது, 1892-லும் 1932-லும் தீப்பிடித்தது, சனம் கலைந்தது. மிஞ்சிய நூற்றுச் சொச்சம் கட்டடங்கள் 1962 முதல் மாநில வரலாற்றுப் பூங்காவாக இருக்கின்றன. ‘கோஸ்ட் டவுன்’ என்றால் ஆளொழிந்த பாழூர் என்றுதான் பொருள், பேயூர் என்றில்லை. போடிக்கு இரண்டுமே பொருந்தும் என்பார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இரவில் உள்ளே தங்க முடியாது. கோடையில் மாலை 6 மணிக்கும், குளிர்காலத்தில் அதற்கு முன்பாகவும் மூடிவிடுவார்கள். கூடாரம் போடவும் அனுமதி இல்லை. இருட்டில் ஊரைப் பார்க்க ஆசைப்பட்டால், பூங்காவுக்குத் துணை நிற்கும் போடி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு கோடையில் சில நாள் மட்டும் நடத்துகிற பேய் நடைக்கு (பேய்க்கதை கேட்டபடி இரவில் ஊரைச் சுற்றுவது) முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும். தேதியைப் பார்த்துவிட்டு மற்ற பயணத்தைத் திட்டமிடுங்கள். பயணத்தை முடிவு செய்துவிட்டுத் தேதி தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஜூலையானாலும் கனமான ஜாக்கெட் வேண்டும். ஊர் 2,550 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெயில் இறங்கியதும் குளிர் எலும்பைத் தொடும்.

வழி எளிது. 395-ஆம் நெடுஞ்சாலையில் பிரிட்ஜ்போர்ட்டுக்குத் தெற்கே சுமார் 11 கிலோமீட்டரில் 270-ஆம் சாலை கிழக்கே பிரியும். அதில் 16 கிலோமீட்டர் தார்ச்சாலை, கடைசி 5 கிலோமீட்டர் மண்சாலை. மண்சாலை அலையலையாகக் குலுக்கும். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் டயருக்குத்தான் கேடு. வாடகை கார் என்றால் மண்சாலையில் ஓட்டலாமா என்று ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். போடியில் பெட்ரோல் இல்லை, சாப்பாடு இல்லை, போனுக்குச் சிக்னலும் இல்லை. பிரிட்ஜ்போர்ட்டிலோ லீ வைனிங்கிலோ டேங்க்கை நிரப்புங்கள், வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள், நுழைவுக் கட்டணத்துக்கு ரொக்கமாகவே வைத்திருங்கள். பனிக்காலத்தில் சாலை கார்களுக்கு மூடியிருக்கும். பனிச்சறுக்குக் கட்டையிலோ ஸ்னோமொபைலிலோதான் போக முடியும். முதல்முறை போகிறவர்களுக்கு ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை சரி.

நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பது இங்கே அப்படியே பொருந்தும். ஊருக்குள் வந்ததும் தலை கனத்து, மூச்சு வாங்கி, ‘என்னமோ அமுக்குகிற மாதிரி’ இருந்தால் அது உயரம் செய்கிற வேலை. கடல்மட்டத்திலிருந்து ஒரே நாளில் ஏறி வராமல், முந்தின இரவு பிரிட்ஜ்போர்ட்டில் தங்குங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். நிழல் அநேகமாகக் கிடையாது, தொப்பி அவசியம். தரையெங்கும் துருப்பிடித்த ஆணி, கண்ணாடிச் சில்லு. தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம்.

பேய்க்கதைகளில் முதலில் வருவது கிரீன் தெருவும் பார்க் தெருவும் சேரும் முனையில் உள்ள கெய்ன் வீடு. ஊரின் பெரும்பகுதியைக் கடைசியில் கையில் வைத்திருந்த ஜே. எஸ். கெய்னின் வீடு. அங்கே வேலை பார்த்த சீனப் பெண் மாடி ஜன்னலில் தெரிவாள், குழந்தைகளிடம் அன்பாக இருப்பாள், பெரியவர்களை அமுக்குவாள் என்பது கதை. மெண்டோசினி வீட்டில் இத்தாலியச் சமையல் வாசம் வரும் என்பார்கள். திரை அசைந்ததும் அலறிவிட வேண்டாம்: சில வீடுகளில் பூங்கா ஊழியர்களே குடியிருக்கிறார்கள். அந்த வீடுகளை எட்டிப் பார்ப்பது நாகரிகமும் இல்லை.

பெரும்பாலான வீடுகள் பூட்டியே இருக்கும். ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். இடிந்து விழாமல் முட்டுக் கொடுப்பார்கள், கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்வார்கள், அழகுபடுத்த மாட்டார்கள். அதனால் பள்ளிக்கூடத்து உலக உருண்டையும் பூன் கடையின் அலமாரிச் சாமான்களும் தூசி படிந்து அப்படியே நிற்கின்றன. எந்தக் கதையையும்விட எங்களுக்கு மயிர் கூச்செறிய வைப்பது அந்தத் தூசிதான்.

படம் எடுக்கிறவர்கள் தவறுவதும் இந்த ஜன்னலில்தான். பழைய கண்ணாடி சமமாக இருக்காது. உங்கள் முகமும் பின்னாலுள்ள வானமும் அதில் நெளிந்து விழுந்து, வீட்டுக்குத் திரும்பிப் பார்த்தால் ‘உருவம்’ ஆகிவிடும். ஃப்ளாஷ் போட்டால் தூசி ஒவ்வொன்றும் வெள்ளை உருண்டையாகும், அதற்கும் ஆவி என்று பெயர் வைத்துவிடுவார்கள். ஃப்ளாஷை அணைத்து, லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணி பிடியுங்கள். காலையில் மேற்கு ஜன்னலில் நில்லுங்கள்: நீங்கள் நிழலில், கிழக்கிலிருந்து வரும் வெயில் அறைக்குள். மாலையில் இதற்கு நேர்மாறு. கேமரா கண்ணாடித் தூசியிலேயே ஃபோகஸ் பிடித்துக்கொண்டால் கையால் திருப்பி வையுங்கள்.

மேட்டிலுள்ள கல்லறையைத் தவறவிடாதீர்கள். 1897-இல் சுரங்கத் தொழிலாளியின் பிக்காசு தவறிப் பட்டு இறந்ததாகச் சொல்லப்படும் குழந்தை ஈவ்லினுக்குச் சலவைக்கல் தேவதை நிற்கிறது. வேலிக்கு வெளியிலும் கல்லறைகள் உண்டு. ஊர் ஒதுக்கியவர்களைச் செத்த பிறகும் உள்ளே விடவில்லை.

ஊருக்கு வெளியே தனியாக நிற்கும் பாழ் குடிசைகளில் நுழையாதீர்கள். இந்தப் பகுதியின் மான் எலிகளின் எச்சத் தூசியை மூச்சில் இழுத்தால் ஹாண்டா வைரஸ் தொற்றலாம், உயிருக்கே ஆபத்து. பழைய சுரங்கக் குழிகளும் அப்படித்தான்; வாயில் மூடியிருக்கும் பலகை எத்தனை வருஷம் உளுத்தது என்று மிதித்த பிறகுதான் தெரியும். தங்கத் தாதுவை இடித்த ஸ்டாண்டர்ட் ஆலைக்கு வழிகாட்டியோடு மட்டும் போகலாம். 1893-இல் சுமார் 20 கிலோமீட்டர் தூரத்திலிருந்து அதற்கு மின்சாரம் வந்தது. வளைவில் மின்சாரம் தெறித்துவிடும் என்று பயந்து மின்கம்பங்களை வளையாமல் ஒரே நேர்கோட்டில் நட்டார்கள் என்று ஒரு கதையும் உண்டு.

கடைசியாக, போடி சாபம். இங்கிருந்து எதை எடுத்தாலும் கெட்ட காலம் தொடரும் என்பார்கள். திருட்டை நிறுத்தப் பூங்காக் காவலர்களே கட்டிவிட்ட கதை என்றும் சொல்வதுண்டு. எப்படியோ, ஆணியையும் பாட்டில் மூடியையும் திருப்பி அனுப்பி மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சாபத்தை நம்பாதவர்களுக்கும் சட்டம் உண்டு; கூழாங்கல் எடுத்தாலும் குற்றம். அப்படித் திரும்பி வரும் ஆணி எந்த வீட்டு வாசலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது, பழைய இடத்தில் போடவும் முடியாது. காரில் ஏறும் முன் ஷூவைத் தட்டிவிட்டு, குழந்தைகளின் பாக்கெட்டை ஒருமுறை துழாவிப் பாருங்கள்.