அயர்லாந்தில் துணையை இழந்தவர்களுக்கான பென்ஷன்

அயர்லாந்தில் கணவன், மனைவி அல்லது பதிவு செய்த சிவில் துணை இறந்துபோனால், வருமானம் பார்த்துத் தரும் பென்ஷன் ஒன்று இருக்கிறது. ஆனால் அவசரப்பட்டு அதற்கு எழுதிப்போட வேண்டாம். முதலில் சமூகக் காப்பீட்டுக் கணக்கைப் பாருங்கள். உங்களுடையதோ இறந்தவருடையதோ, ஏதாவது ஒன்றில் குறைந்தது 260 வாரச் சந்தா கட்டியிருந்தால், வருமானமே பார்க்காத பென்ஷனுக்கு வழி உண்டு. இரண்டையும் கூட்டிக் காட்ட முடியாது.

அது இல்லையா, சரி, அப்புறம் இந்த வருமானம் பார்க்கும் பென்ஷன். சேமிப்பு இருக்கிறதே என்று பலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். குடியிருக்கும் வீடு வருமானக் கணக்கில் வராது. சேமிப்பில் முதல் 20,000 யூரோவும் வராது. 66 வயதானதும் இதற்குப் பதிலாக முதியோர் பென்ஷன்.