பண்ணைச் சுமைக்குப் பழைய பிக்கப் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்ணை வேலைக்குப் பழைய பிக்கப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைத்திறன்?" என்றுதான். அதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட வேண்டும்: இந்த வண்டியில் எதை ஏற்றப் போகிறோம், அது எத்தனை கிலோ? இதைப் போடாமல் கிளம்புவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே வருகின்றன.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு ஒரு கிலோ. 1000 லிட்டர் தொட்டியை நிரப்பிப் பின்னால் வைத்தால் ஒரு டன், தொட்டியின் எடை தனி. பல பிக்கப்களுக்கு அதுவே தாங்காது. வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை இருக்கும். பல வண்டிகளில் அது ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் இருக்கும். அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் ஏற்றக்கூடிய சுமை. உட்காரும் ஆட்கள், கருவிப்பெட்டி, பிறகு பொருத்திய இரும்புச் சட்டம் எல்லாமே அதற்குள் அடக்கம். டிரெய்லர் இழுத்தால், சரியாக ஏற்றிய டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கி வழியாக வண்டியின் மேலேயே இறங்கும். 2000 கிலோ டிரெய்லர் என்றால் 200 முதல் 300 கிலோ. இதைக் கழிக்க மறந்துவிட்டு, "எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கும்" என்ற பேச்சை நம்பி வாங்குகிறார்கள். இழுத்துவிடலாம், சரி, இறக்கத்தில் அதே சுமையோடு நிற்க வேண்டுமே.

அப்புறம் எஞ்சின். சுமையோடு நின்ற இடத்திலிருந்து வண்டியைக் கிளப்புவதற்குத் தேவை குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் முறுக்குவிசை. டர்போ டீசல் எஞ்சின்கள் பலவும் நிமிடத்துக்கு 1500 முதல் 2500 சுற்றுகளுக்குள் முழு இழுவையைத் தந்துவிடும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினை அதைவிட வேகமாகச் சுழலவிட வேண்டியிருக்கும்.

அதனால் கண்ணை மூடிக்கொண்டு டீசல் வாங்கிவிடுவதும் தவறுதான். புதிய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி எரிய வேண்டுமென்றால் புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும், அதற்கு வண்டி கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். வீட்டுக்கும் வயலுக்கும் இடையே ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் அந்தச் சூடு வருவதே இல்லை, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். சுமை குறைவு, தூரமும் குறைவு என்றால் எளிமையான பெட்ரோல் எஞ்சினே நல்லது என்பேன். பேரலில் டீசல் சேமித்து வைப்பவர்களும் யோசிக்க வேண்டும். இப்போதைய காமன் ரயில் எஞ்சின்களில், அதாவது டீசலை ஒரு பொதுக் குழாயில் அழுத்தி வைத்துத் தெளிக்கும் எஞ்சின்களில், எரிபொருள் அழுத்தம் 1600 பார் (அழுத்தத்தின் அலகு) அளவைத் தாண்டும். பேரலின் அடியில் தேங்கும் தண்ணீர் உள்ளே போனால் பம்பும் இன்ஜெக்டரும் கெட்டுவிடும்.

வண்டியைப் பார்க்கும் நாளில் நான் ஒருமுறை செய்த தவறு இது: நான் போவதற்கு முன்பே விற்பவர்கள் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள். தொட்ட நொடியில் கிளம்பியது, மகிழ்ந்து வாங்கிவிட்டேன். மறுநாள் காலைக் குளிரில் அது திணறித் திணறி வெண்புகை விட்டபோதுதான் புரிந்தது. இப்போதெல்லாம் போனதும் முதல் வேலை, பானெட்டின் மேல் கை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால், ஆறும்வரை காத்திருக்கிறேன். கிளப்பிய பின், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து புகை விடாமல் பொங்கி அடித்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கலாம். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நிற்காமல் இனித்த வாசனையோடு வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. டைமிங் பெல்ட் (எஞ்சினின் உள் பாகங்களை இசைவாகச் சுழற்றும் பட்டை) உள்ள எஞ்சினில் அதை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள்; இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்கி, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸைப் பார்க்காமல் விடுவதுதான் என் பார்வையில் மிகப் பெரிய தவறு. எஞ்சினை மாற்றலாம், துருப்பிடித்து உளுத்த சேசிஸை என்ன செய்வது? அதுவும் பண்ணையில் ஓடிய வண்டி என்றால் உரமூட்டை ஏற்றியிருப்பார்கள். சிந்திய உரம் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். கீழே படுத்து, லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடங்களையும் கேபினுக்குப் பின்புறச் சட்டத்தையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்க வேண்டும். புதிதாகக் கருப்புப் பெயின்ட் அடித்திருந்தால் இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். வெறும் வண்டியிலேயே ஸ்பிரிங் தட்டையாகிக் கிடந்தால் அளவுக்கு மீறிய சுமையில் வாழ்ந்த வண்டி அது.

கிலோமீட்டர் குறைவு என்பதும் ஏமாற்றும். நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் ஓடிய எஞ்சின் மீட்டரில் தெரியாது. எஞ்சின் மணிநேரம் காட்டும் வசதி இருந்தால் அதைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். கார் டயரை மாட்டி விற்கிறார்களா என்றும் பாருங்கள், அது சுமைக்கு ஆகாது.

கடைசியாக, வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். அனுமதித்த எடைக்குள் சுமை ஏற்றச் சொல்லி, ஒரு மேட்டில் ஏற்றி இறக்கி, அரைமணி நேரம் ஓட்டுங்கள். கிளட்ச் வழுக்குகிறதா, சூடு முள் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். திரும்பி வந்து நிறுத்தியதும், கீழே ஒரு அட்டையை விரித்துப் பத்து நிமிடம் கழித்து என்ன சொட்டியிருக்கிறது என்று பாருங்கள்.