பாட்டியின் குறிப்பேட்டில் உள்ள பலத்தைக் கிராமாக மாற்றுவது எப்படி?

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணைத் துழாவினால் கைமருந்துக் குறிப்பேடு ஒன்றாவது அகப்படும். பேறுகால லேகியம், தலைக்குத் தைலம் என்று எழுதி, பக்கத்தில் பலம், கழஞ்சு, நாழி என்று அளவு போட்டிருக்கும். அதைப் பார்த்து மருந்து கிண்ட ஆசைப்படுகிறவர்கள், "ஒரு பலம் 35 கிராம்" என்று யாரோ சொன்னதை வைத்துப் பெருக்கிவிடுகிறார்கள். தமிழ்நாடு-கேரள எல்லை ஊர்க்காரர்களாகிய நாம் அப்படிச் செய்யக் கூடாது.

1. யாருடைய பலம் என்று முதலில் கண்டுபிடியுங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை இதுதான். நம் குமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தன. மெட்ரிக் எடைக்கற்கள் புழக்கத்துக்கு வரத் தொடங்கியது 1958 அக்டோபரில். ஆகவே அதற்கு முந்தைய குறிப்பு எதிலும் இரண்டு நாட்டு வழக்கும் கலந்திருக்கலாம்.

சென்னை மாகாணக் கணக்கில் ஒரு பலம் என்பது 3 தோலா. ஒரு தோலா 11.66 கிராம்; பலம் ஏறக்குறைய 35 கிராம். சித்த மருத்துவ நூல்களும் இதையே கொள்கின்றன. மலையாள வைத்தியர் வழக்கில் 12 கழஞ்சு ஒரு பலம். கழஞ்சுக்கு 5 கிராம் வைத்து, பலம் 60 கிராம். இந்திய அரசின் ஆயுர்வேத மருந்துத் தொகுப்பிலோ அது 48 கிராம். பெயர் ஒன்று, எடை மூன்று.

இதை நான் அடுப்படியில் கற்றேன். பாட்டியின் ஏட்டில் சுக்கு 4 பலம், நல்லமிளகு 2 பலம், கருப்பட்டி 20 பலம், நெய் 1 நாழி என்று இருந்தது. 35-ஆல் பெருக்கி 700 கிராம் கருப்பட்டியைப் பாகு காய்ச்சினேன். பொடியைத் தூவி, நாழி நெய்யையும் ஊற்றிக் கிண்டினால், உருளியின் ஓரமெல்லாம் நெய் பிரிந்து குளம் கட்டிவிட்டது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அத்தை, "மக்களே, இது வைத்தியர் பலம், கடைப் பலம் அல்ல" என்றார். மறுமுறை 60 கிராம் கணக்கில் 1,200 கிராம் கருப்பட்டி, 240 கிராம் சுக்கு, 120 கிராம் நல்லமிளகு எடுத்தேன். அதே ஒரு நாழி நெய்யைப் பாகு முழுவதுமாகக் குடித்துக்கொண்டது. லேகியம் கரண்டியில் சுருண்டு வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: குறிப்பு முழுவதும் பலத்திலேயே இருந்தால், எந்தப் பலத்தை எடுத்தாலும் விகிதம் மாறாது. பலமும் நாழியும் கலந்து வரும்போதுதான் தவறான பலம் மருந்தைக் கெடுக்கும்.

பக்கத்தில் இருக்கும் அளவுகள் துப்புக் கொடுக்கும். சேர், வீசை, ஆழாக்கு என்று வந்தால் பெரும்பாலும் சென்னைக் கணக்கு. இடங்கழி, பறை என்று வந்தால் மலையாளக் கணக்கு. ராத்தல் என்று கண்டால் குழப்பமே வேண்டாம், அது ஆங்கிலப் பவுண்டு: 453.6 கிராம்.

2. நிறுப்பதையும் முகப்பதையும் பிரித்து எழுதுங்கள்

நாழி, உரி, உழக்கு, இடங்கழி ஆகியவை முகத்தல் அளவைகள். இவற்றைக் கிராமாக மாற்றவே வேண்டாம். ஒரு நாழி அரிசியும் ஒரு நாழி நெய்யும் ஒரே எடை ஆகாது. வீட்டில் பழைய பித்தளை நாழி இருந்தால் நல்லது. வெறும் நாழியைத் தராசில் வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி நிறுங்கள். காட்டுகிற கிராம் எத்தனையோ அத்தனை மில்லிலிட்டர் உங்கள் நாழி. உரி அதில் பாதி, உழக்கு கால்வாசி. நான்கு நாழி ஒரு இடங்கழி.

3. பின்னத்தைச் சரியாகப் படியுங்கள்

எண்ணுக்குப் பின்னால் 'வ' போல ஓர் எழுத்து இருந்தால் அது எழுத்தல்ல, கால் என்பதன் குறி. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. மாகாணி பதினாறில் ஒன்று. அரைக்காலை அரை என்று படித்துவிட்டால் மருந்து நான்கு மடங்காகிவிடும். சேராங்கொட்டை போன்ற நச்சுச் சரக்குகள் சேரும் குறிப்பில் இது உயிர் விஷயம். அத்தகைய மருந்தை வைத்தியரிடம் காட்டாமல் செய்யாதீர்கள்.

4. பெருக்குங்கள்

குறிப்பில் ஒன்றேகால் பலம் என்று இருக்கிறது. 1.25-ஐ 35-ஆல் பெருக்கினால் 43.75, அடுப்படிக்கு 44 கிராம் போதும். மலையாளப் பலம் என்றால் 75 கிராம். சென்னைக் கணக்கின் பெரிய அளவுகள்: 8 பலம் ஒரு சேர், 280 கிராம், 5 சேர் ஒரு வீசை, 1.4 கிலோ; 8 வீசை ஒரு மணங்கு, 11.2 கிலோ.

5. பொன் கணக்கு என்றால் விதையிலிருந்து தொடங்குங்கள்

குன்றிமணி ஏறக்குறைய 130 மில்லிகிராம். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, 260 மில்லிகிராம். இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. குருவாயூர்க் கோயிலில் குழந்தைகள் இரு கையாலும் அள்ளி விளையாடுகிறார்களே, அந்தச் சிவப்பு மஞ்சாடிதான். நகைத் தராசில் இருபது விதைகளை எண்ணிப் போட்டுப் பாருங்கள். நான் போட்டபோது 5.3 கிராம் காட்டியது. கணக்குப்படி வர வேண்டியது 5.2. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அங்கும் அலகுகள் கழஞ்சும் மஞ்சாடியும் குன்றியும்தான்.

இன்றைய பவுன் 8 கிராம். அப்படியானால் ஒரு பவுனுக்கு ஏறக்குறைய 61 குன்றிமணி. "குண்டுமணித் தங்கம்கூட இல்லை" என்று சொல்லும்போது நாம் சொல்வது எவ்வளவு சிறிய எடை என்று இப்போது தெரியும். குன்றிமணி விதை கொடிய நஞ்சு; நிறுத்து முடித்ததும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்துவிடுங்கள்.

கணக்கு முடிந்ததும் ஏட்டின் ஓரத்தில் பென்சிலால் கிராமை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். "பலம் 60 கிராம் வைத்தது" என்றோ "35 வைத்தது" என்றோ பக்கத்தில் சேர்த்து எழுதுங்கள்.