செயலி வாங்கும் முன் இயக்குநர் குழு தயாராக வேண்டும்

நீலகிரியில் தேயிலை விவசாயிகளும் மலைக்காய்கறி விவசாயிகளும் சேர்ந்து நடத்தும் நிறுவனங்களின் இயக்குநர்கள் கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர், பந்தலூர் என வெவ்வேறு பக்கங்களில் இருப்பவர்கள். பருவமழையில் சாலையில் ஒரு மரம் விழுந்தாலே கூட்டம் தள்ளிப்போய்விடும். ஆகவே நிகழ்ச்சி நிரல், கணக்கறிக்கை, வாக்களிப்பு, தீர்மானம் அனைத்தையும் ஒரே செயலியில் கொண்டுவர விரும்புவது நியாயமே. ஆனால் செயலியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையைக் குழுவைத் தயார்ப்படுத்துவதில் நாம் காட்டுவதில்லை.

எந்தச் சட்டத்தின்கீழ் இயங்குகிறோம் என்று பாராமல் செயலி வாங்குவது முதல் தவறு. விவசாயிகளே பங்குதாரர்களாக உள்ள உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் பொருந்தும்; கூட்டுறவுத் தொழிற்சாலைக்கோ 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும் அந்தச் சங்கத்தின் துணைவிதிகளும் பொருந்தும். ஒன்றில் செல்லுவது மற்றொன்றில் செல்லாமல் போகலாம்.

அதைவிடப் பெரியது, படிக்கும் பழக்கம் இல்லாத குழுவுக்குச் செயலி வாங்கித் தருவது. நிறுவனங்கள் சட்டப்படி, பொதுவாகக் கூட்ட அறிவிப்பைக் குறைந்தது 7 நாள் முன்னதாக இயக்குநர்களுக்குக் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் உட்கார்ந்த பிறகே தாள்களைப் பிரித்துப் பார்ப்பவர்கள் டேப்லெட்டிலும் அதையே செய்வார்கள். எனவே ஓரிரு கூட்டங்களுக்குக் காகிதத்திலேயே, ஒவ்வொரு பொருளிலும் குழு என்ன முடிவெடுக்க வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி முன்கூட்டியே அனுப்பிப் பழக்குவது நல்லது.

பயிற்சியை எல்லோரையும் ஒன்றாக அமர்த்தி, ஆங்கிலத் திரையைக் காட்டி, ஒரு மணி நேரத்தில் முடிப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. ஊர்ப் பெரியவராக மதிக்கப்படும் ஒருவர் பத்துப் பேர் முன்னால் "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லமாட்டார். வீட்டுக்குப் போய்ப் பேரனிடம் போனையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிடுவார், அல்லது அலுவலக எழுத்தரே அவர் பெயரில் உள்நுழைவார். இதனால் ரகசியம் கசிவதோடு, அந்த வாக்கு உண்மையில் யாருடையது என்ற கேள்வியும் எழும். நிறுவனங்கள் சட்டத்தின்கீழ், காணொலிக் கூட்டத் தொடக்கத்தில் ஒவ்வொரு இயக்குநரும் தம் பெயரையும் இருக்கும் இடத்தையும் கூறி, தம்மைத் தவிர வேறெவரும் கலந்துகொள்ளவில்லை என்று உறுதி சொல்ல வேண்டும் என விதி இருப்பது இதனால்தான். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அவருடைய போனிலேயே, தமிழில் பொறுமையாகக் கற்றுத்தர வேண்டும். அதே வயதுள்ள இன்னொரு இயக்குநர் கற்றுத்தந்தால் இன்னும் நல்லது.

செயலி வந்த பிறகும் வாட்ஸ்அப் குழுவில் முடிவெடுப்பது அடுத்த தவறு. அங்கே வரும் கட்டைவிரல் குறி தீர்மானமாகாது. கூட்டம் கூட்டாமல் எடுக்கும் சுற்றுத் தீர்மானம் என்றால், நிறுவனங்கள் சட்டப்படி வரைவும் உரிய ஆவணங்களும் எல்லா இயக்குநர்களுக்கும் சென்று, பெரும்பான்மையினர் ஒப்ப வேண்டும். மொத்த இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டால் அதைக் கூட்டத்திலேயே வைத்தாக வேண்டும்.

சிக்னல் கிடைக்காத சரிவுகளில் வசிப்பவர்களுக்காக, ஆவணங்களை முன்பே பதிவிறக்கி இணையமின்றிப் படிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இணைப்பு அறுந்து கோரம் (கூட்டம் செல்ல இருக்க வேண்டிய குறைந்தபட்ச இயக்குநர் எண்ணிக்கை) குறைந்தால் கூட்டத்தை எப்படி நடத்துவது என்பதையும் முன்பே எழுதி வையுங்கள்.

செயலியின் நிர்வாகி உரிமையை ஒரே ஊழியரிடம் விடாமல் இருவரிடம் கொடுங்கள். செயலி விற்பவருடனான ஒப்பந்தம் முடியும்போது தீர்மானங்களும் பதிவுகளும் நீங்கள் திறந்து படிக்கக்கூடிய வடிவில் திரும்பக் கிடைக்கும் என்பதை, கையெழுத்திடும் முன்பே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.