சுரங்கத்துத் தண்டவாளமும் வெளித் தண்டவாளமும்: மலைப்பாதையைப் பராமரிக்கும் முறை

மலையகப் புகையிரதப் பாதையில் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, சுரங்கத்துக்குள் கிடப்பதும் வெளியில் கிடப்பதும் ஒரே இரும்புதான் என்றாலும் இரண்டும் கெட்டுப்போகும் விதம் வேறு என்பதாகும். 1885 இல் நானுஓயாவையும் 1924 இல் பதுளையையும் எட்டிய இந்தப் பாதையில் 40க்கும் மேற்பட்ட சுரங்கங்கள் இருப்பதால், ஒரே நாள் நடையில் இரண்டு விதமான வேலையையும் மாறிமாறிச் செய்ய நேரும்.

வெளிப்பாதையில் வெயிலைக் கணக்கில் வைத்தே எதையும் தொடங்க வேண்டும். 13 மீற்றர் நீளமுள்ள தண்டவாளம் 30 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ நாலரை மில்லிமீற்றர் நீளும். குளிர்ந்த காலைக்கும் நடுப்பகலுக்கும் இடையில் மலைநாட்டிலும் இரும்பு அவ்வளவு சூடேறக்கூடும். ஆகவே இரு தண்டவாளத் துண்டுகள் சேரும் பொருத்துகளின் இடைவெளியை அதிகாலையில் அளந்து, அந்நேரத்து வெப்பநிலையையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறிய பின், தண்டவாளத்தைக் குறுக்கே தாங்கும் சிலிப்பர் கட்டையின் ஓரத்துச் சல்லிக் கற்களை வாரிவிட்டால், நீளும் தண்டவாளத்தைப் பிடித்து வைக்க எதுவுமின்றிப் பாதை பக்கவாட்டில் வளைந்துவிடும். 44 மீற்றருக்கு 1 மீற்றர் ஏறும் சரிவுகளில் தண்டவாளம் சிறிது சிறிதாகக் கீழ்ப்பக்கம் நகர்வதும் வழக்கம் என்பதால், மேலே அகன்றும் கீழே ஒட்டியும் இருக்கும் பொருத்துகளைக் கண்டால் வெப்பத்தை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

வெளியில் அடுத்த கவலை மேட்டுச் சரிவு. வட்டவளை, ஹற்றன் பக்கத்துக்கு மே முதல் செப்டெம்பர் வரையிலும், ஒஹிய தாண்டிப் பதுளைப் பக்கத்துக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலும் மழை கடுமையாக இருக்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே சரிவின் மேலே ஏறி, மழைநீரை ஒதுக்கும் கானைத் துப்புரவாக்க வேண்டும். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது பார்வையிடுவதாகாது. மேலே மண்ணில் வெடிப்போ, புதிதாகச் சாய்ந்த மரமோ தென்பட்டால் அன்றைக்கே அறிவியுங்கள்.

சுரங்கத்துக்குள் வெப்பம் அதிகம் மாறுவதில்லை. அங்கே ஈரத்தோடுதான் வேலை. ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள, சுமார் 560 மீற்றர் நீளமான சிங்கமலைச் சுரங்கம் போன்ற ஒன்றில், மழை விட்டுச் சில நாட்கள் கழித்தும் கூரையிலிருந்து நீர் சொட்டலாம், ஏனெனில் மேலே ஊறிய நீர் பாறை இடுக்குகளின் வழியே இறங்கி வர நேரமெடுக்கும். அதனால் மழை நாளில் ஒருமுறையும், மழை ஓய்ந்து நாலைந்து நாளில் மறுமுறையும் உள்ளே போய், சொட்டும் இடங்களைச் சுவரில் சுண்ணாம்பால் அடையாளமிடுங்கள்.

சொட்டும் இடத்துக்குக் கீழே குந்தியிருந்து டோர்ச்சைத் தண்டவாளத்தின் அடிப்பாகத்துக்கு அடியுங்கள். மேலே சக்கரம் தேய்த்த பளபளப்பு எதையும் காட்டிக்கொடுக்காது. அரிப்பு தொடங்குவது அடிப்பாகத்தில், அதுவும் பிடிப்பாணிக்குப் பக்கத்தில். டீசல் புகையின் கரியும் ஈரமும் சேர்ந்து அங்கே கறுப்புப் பசையாக ஒட்டியிருக்கும். உளியால் சுரண்டும்போது துரு தகடு தகடாகப் பெயர்ந்தால், சுத்தமான இரும்பு தெரியும் வரை சுரண்டி, எஞ்சிய தடிப்பை அளக்க வேண்டும். புதிதில் நான் துருவின் மேலேயே அளவுகோலை வைத்து அளந்து, தேய்மானமே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மறுநாள் அனுபவசாலி ஒருவர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டியதும் நான் அளந்ததில் பாதி கீழே உதிர்ந்தது.

உள்ளே சல்லியும் வேறு விதமாகக் கெடும். நீரும் கரியும், ஏற்றத்தில் சக்கரம் வழுக்காமலிருக்க எஞ்சின் தூவும் மணலும் கலந்து கற்களுக்கிடையே சேறாக இறுகிவிட்டால், நீர் வடியாது. அலவாங்கால் கிளறிவிடுவதில் பயனில்லை. அந்தச் சல்லியை அள்ளி வெளியே கொண்டுபோய்ப் புதியதைத்தான் போட வேண்டும். போடும்போது வெளிப்பாதையில் செய்வதைப் போலத் தாழ்ந்த இடத்தை நினைத்தபடி உயர்த்த முடியாது. கூரை அங்கேயே நிற்கிறது. தண்டவாளம் உயர உயரப் பெட்டிக்கும் கூரைக்கும் இடையிலான இடம் குறையும். ஆகவே சுவரிலுள்ள மட்டக் குறியிலிருந்து தண்டவாளத்தின் உயரத்தையும், இரு சுவர்களிலிருந்தும் அதன் தூரத்தையும் வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிட்டு, இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மில்லிமீற்றர் அகலம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரு வகைச் சேதமும் கூடும் இடம் சுரங்க வாசல். உள்ளே அசையாத தண்டவாளமும் வெளியே நீண்டு சுருங்கும் தண்டவாளமும் அங்கேதான் சந்திக்கின்றன; பொருத்துகளில் இரு முனைகளையும் இணைக்கும் பிஷ் பிளேட் தகடுகளின் ஆணிகளை அங்கே மற்ற இடங்களைவிட அடிக்கடி முறுக்கிப் பார்க்க வேண்டும். சரிவில் அமைந்த சுரங்கமென்றால், மேல் வாசலுக்கு வெளியே விழும் மழை கானை விட்டு வழிந்து உள்ளே இறங்கும். அதை வாசலிலேயே குறுக்குக் கான் வெட்டித் திருப்பிவிட்டால், உள்ளே செய்ய வேண்டிய வேலையில் கணிசமானது குறையும்.

இருவருக்குக் குறையாமல் உள்ளே செல்லுங்கள். வளைந்த சுரங்கத்தில் எதிர்முனை தெரியாது என்பதால் இரு வாசல்களிலும் காவலுக்கு ஆள் வேண்டும். முந்தைய கோச்சியின் புகை கலையும் வரை பொறுத்திருந்து, ஒதுங்கி நிற்கும் மாடம் எந்தப் பக்கம் எத்தனை அடியில் இருக்கிறது என்பதைப் பார்த்த பின்பே சவளைக் கையிலெடுங்கள். வேலை முடிந்ததும் ஆயுதங்களை எண்ணிச் சரிபார்த்து, முதல் கோச்சி மெதுவாகக் கடக்கும்போது மாடத்துக்குள் நின்றபடி டோர்ச் வெளிச்சத்தில் சிலிப்பர் கட்டைகளைக் கவனியுங்கள். சக்கரம் ஏறும்போது கட்டை அமுங்கி ஓரத்தில் சேறு பீறிட்டால், அந்தக் கட்டையின் கீழே மறுபடியும் சல்லி இறுக்க வேண்டும்.