எக்ஸ் என்பது யாரோவா, யாராவதா?

மாலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். இயற்கணிதம் என்றாலே பயப்படும் பிள்ளையிடம் நான் முதலில் கணக்கைத் தொடுவதில்லை. மூன்று வாக்கியம் சொல்வேன்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். யாராவது போய்த் திறங்கள். யார் வந்தாலும் தண்ணீர் கொடுங்கள்.

மூன்றிலும் ஆள் பெயர் இல்லை. ஆனால் ‘யாரோ’ என்றால் வெளியே ஓர் ஆள் நிற்கிறார், நமக்குத்தான் தெரியவில்லை. ‘யாராவது’ என்றால் எவர் போனாலும் சரி. ‘யார் வந்தாலும்’ என்றால் விதிவிலக்கே இல்லை. இந்த வித்தியாசம் பிள்ளைக்கு வீட்டுப் பேச்சிலேயே பழகிப்போனது. அதை அப்படியே கணக்குக்குக் கொண்டுவாருங்கள். (எக்ஸுக்குப் பதில் இங்கே ‘க’ என்று எழுதுகிறேன். தெரியாத எண்ணுக்கு 1637இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் டேக்கார்ட் எக்ஸ், ஒய் என்று எழுதினார். 1150இல் இந்தியக் கணித அறிஞர் இரண்டாம் பாஸ்கரர் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று வண்ணப் பெயர்களை வைத்தார். பெயர் எதுவானாலும் கணக்கு மாறாது.)

க + 7 = 12. இது ‘ஏதோ ஓர் எண்’. தேடிப் பிடிக்க வேண்டும்.

க + ச = 12. இது ‘ஏதாவது’. ‘க’ இடத்தில் பிடித்த எண்ணைப் போடு, ‘ச’ தானாக வந்துவிடும்.

க + ச = ச + க. இது ‘எதுவானாலும்’. இங்கே தேட ஒன்றுமில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி எழுத்தைப் போடுவதால்தான் பிள்ளை திணறுகிறது. சமன்பாட்டைப் பார்த்ததும் ‘ஏதோவா, ஏதாவதா, எதுவானாலுமா?’ என்று கேட்கப் பழக்குங்கள். கதவைத் திறந்தால் இருவர் நிற்பதும் உண்டு: க² = 9 என்றால் 3, −3 இரண்டும் சரி. க + 1 = க என்றால் வெளியே யாருமே இல்லை.

அடுத்தது, எழுத்து எதைக் குறிக்கிறது என்பது. பெரிய பிள்ளைகளே சறுக்கும் இடம் இது. ‘ஓர் ஆசிரியருக்கு 30 மாணவர்கள்’ என்பதைச் சமன்பாடாக எழுதச் சொல்லிப் பாருங்கள். 30ம = ஆ என்று பலர் எழுதுவார்கள். ‘ம’வை ‘மாணவர்’ என்று படிப்பதால் வரும் வினை. ‘ம’ ஆள் அல்ல, எண்ணிக்கை. ஆசிரியர் 2 பேர் என்றால் மாணவர் 60 பேர், ஆக ம = 30ஆ. அதனால் கணக்கின் முதல் வரியாக ‘க என்பது தம்பியின் இன்றைய வயது, வருடத்தில்’ என்று முழு வாக்கியம் எழுதாமல் என் பிள்ளைகள் யாரும் மேலே போக நான் விடுவதில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். அக்காவின் வயது தம்பியின் வயதைப்போல் இரு மடங்கு. 4 வருடம் கழித்து இருவர் வயதையும் கூட்டினால் 38. அக்காவுக்குத் தனி எழுத்து வேண்டாம், 2க போதும். (க + 4) + (2க + 4) = 38, க = 10.

விடையைச் சமன்பாட்டில் மட்டும் போட்டுச் சரிபார்த்தால் போதாது. சமன்பாட்டையே தப்பாக எழுதியிருந்தால் அது காட்டிக்கொடுக்காது. கணக்கின் வாக்கியத்துக்கே திரும்பச் சொல்லுங்கள்: தம்பிக்கு 10, அக்காவுக்கு 20, இரு மடங்குதான். 4 வருடம் கழித்து 14, 24. கூட்டினால் 38.