ஒகேனக்கல் பரிசலை ஜப்பானிய மரக்கட்டை அச்சில் கொண்டுவருவது எப்படி

ஜப்பானிய ஓவியர்களான ஹொக்குசாயின் ஃபூஜி மலை அச்சுப்படத் தொடர் 1830களின் தொடக்கத்திலும், ஹிரோஷிகேயின் தோக்கைதோ நெடுஞ்சாலைத் தொடர் 1833-34லும் வந்தவை. அவர்கள் வரைந்தார்கள், செதுக்கியதும் அச்சிட்டதும் வேறு கைவினைஞர்கள். நாம் மூன்றையும் செய்யப்போவதால், படம் போஸ்ட்கார்டைப்போல இரண்டு மடங்கு இருந்தால் போதும். கோட்டுக்கு ஒரு கட்டை, நிறத்துக்கு மூன்று. பலகையின் இரு பக்கமும் செதுக்கினால் இரண்டு பலகையில் முடியும்.

கிருஷ்ணகிரியில் மாம்பலகை சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அதன் ரேகை முரடு, மெல்லிய கோடு உதிர்ந்துவிடும். வானம், ஆறு போன்ற அகல நிறங்களுக்கு மட்டும் அதை வையுங்கள். கோட்டுக்கட்டைக்கு, சென்னபட்டணா பொம்மைகளைக் கடைந்து செய்யும் வெட்பாலை மரம் நல்லது. மரவாடியில் நன்றாகக் காய்ந்ததாகக் கேட்டு வாங்கி, இழைத்துக்கொள்ளுங்கள். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், தண்ணீர் பட்டால் ஊதிவிடும்.

படத்தை மெல்லிய தாளில் வரைந்து, வரைந்த பக்கம் கீழே இருக்கும்படி பலகையில் ஒட்டுங்கள். அப்போதுதான் அச்சில் இடம் வலம் மாறாது. ஈரவிரலால் மேல்தாளைத் தேய்த்து உரித்து, காய்ந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் கோடு பளிச்சென்று தெரியும். கத்தியைக் கோட்டிலிருந்து வெளிப்புறம் சாய்த்து வெட்டுங்கள். வயல் வரப்பு மாதிரி அடி அகலமாக நின்றால்தான் பரிசலின் மூங்கில் பின்னல் உடையாது. கோட்டருகே 2 மி.மீ. ஆழம் போதும். வெற்றிடத்தில் இன்னும் ஆழமாகத் தோண்டாவிட்டால் காகிதம் தொய்ந்து கறைபடும்.

படத்துக்கு வெளியே, வலது கீழ்மூலையில் இடவலம் திருப்பிய ‘ட’ வடிவப் பள்ளம் ஒன்றும், கீழ்விளிம்பின் இடப்பக்கம் ஒரு நேர்ப்பள்ளமும் வெட்டுங்கள். காகிதம் முட்டி நிற்க 1 மி.மீ. ஆழம் போதும். இதுதான் கெந்தோ, காகிதத்தை ஒவ்வொரு கட்டையிலும் ஒரே இடத்தில் வைக்க உதவும் குறி. கோட்டுக்கட்டையை இந்தக் குறிகளோடு மெல்லிய தாள்களில் அச்சிட்டு, நிறத்துக்கு ஒன்றாக மற்றக் கட்டைகளில் ஒட்டிச் செதுக்கினால் நிறங்கள் இடம் தவறாது.

அப்படியும் நிறம் விலகினால் பெரும்பாலும் காரணம் ஈரம்தான். காகிதம் காயும்போது சுருங்கும். தருமபுரியின் சித்திரை வெயிலில் மூன்றாவது நிறம் வருவதற்குள் அரை மி.மீ. தள்ளிப்போகலாம். அதனால் முந்தின இரவே ஈரத்தாளும் உலர்தாளுமாக மாற்றி அடுக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றிப் பாரம் வையுங்கள். காலையில் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், நீர் மினுக்கக்கூடாது. மின்விசிறியை அணைத்துவிட்டு வெயில் ஏறுமுன் அச்சிடுங்கள். ஈர அடுக்கை இரண்டு மூன்று நாள் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

பசைக்கு ஒரு ஸ்பூன் அரிசிமாவை ஐந்து ஸ்பூன் தண்ணீரில் கண்ணாடி போலாகும்வரை காய்ச்சுங்கள். ஈரப்படுத்திய கட்டையில் சில சொட்டு வாட்டர்கலரும் பட்டாணி அளவு பசையும் வைத்து, புதிய ஷூ பிரஷால் பரப்புங்கள். காகிதத்தின் மேல் பட்டர் பேப்பர் வைத்து, துணி சுற்றிய தட்டையான மரவில்லையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். புள்ளிபுள்ளியாக விழுந்தால் பசையோ ஈரமோ குறைவு. கோட்டோரம் நிறம் தேங்கினால் பசை அதிகம்.

முதலில் கோடு, பிறகு வெளிர்நிறம், கடைசியில் அடர்நிறம். வானத்தின் மேல்விளிம்பில் பிரஷ்யன் நீலம் கரைந்து இறங்குவதுதான் பொகாஷி. கட்டையை ஈரத்துணியால் துடைத்து, பிரஷின் ஒரு மூலையில் மட்டும் நிறம் தொட்டு, விளிம்பையொட்டிக் குறுக்கே இழுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும். முடிந்த அச்சுகளை அட்டைகளுக்கு நடுவே பாரம் வைத்து உலர்த்துங்கள். கொடியில் போட்டால் நெளிந்துவிடும்.